பதின்மூன்று பக்க வாக்குமூலம்

வக்கீல் அஸ்பாசியா எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். வெளியே நல்ல வெயில். அவர் கையில் குடை. மழைக்காக எடுத்து வந்த குடையாகத் தெரியவில்லை. யார் தலையிலாவது இறக்குவதற்காக எடுத்து வந்தது போலிருந்தது.

"என் ஆபீஸ்ல ஒரு திருடி இருக்கா," என்றார். "யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

"பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க," என்றேன். "மீதிப் பாதிக்கு உட்காருங்க. குடையை மட்டும் அந்த மூலையில வெச்சிடுங்க."

கலிரோயி மேடம் என்னைப் பார்த்தார். 'வாயை மூடு, காபி போடு' என்ற இரண்டு கட்டளைகளையும் ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர் அவர்.

என் பெயர் லாம்ப்ரோஸ். கல்யாண வீடுகளில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை உள்ளே வரும்போது சாவு வீட்டுப் பாட்டை வாசித்துவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று நான் இன்றுவரை சொல்கிறேன். பெண் வீட்டார் நம்பவில்லை. அதற்குப் பிறகு வோலோஸ் நகரத்தில் என்னை வேலைக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் கலிரோயி மேடம்தான். அவர் பத்தொன்பது வருடம் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் வாங்கியவர். ஒருநாள் கவுண்ட்டரை விட்டு எழுந்து வந்து, துறைமுகத்தருகே ஒரு சாராயக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டினார். மதியம் ஆனால் கீழேயிருந்து வறுத்த மீன் வாசனை ஏறி வரும். அந்த நேரத்தில் எங்களுக்குப் புத்தி அவ்வளவாக வேலை செய்யாது. ஆகவே வழக்குகளைக் காலையிலேயே முடிக்கப் பார்ப்போம்.

அஸ்பாசியா உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார்.

விரிகுடாவின் ஓரத்தில் ஒரு நெத்திலி ஆலை இருக்கிறது. நெத்திலியை உப்பில் ஊறவைத்து, எண்ணெயில் போட்டு, டப்பாவில் அடைத்து விற்பார்கள். ஊறவைத்த உப்புக் கழிவைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். முதலாளி திரிஃபோன் அதைச் செய்யவில்லை. மழைநீர்க் கால்வாயின் மூடியைத் திறந்து, கழிவை நேரே கடலில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஊர்ப் பிள்ளைகள் குளிக்கும் கரை. அந்த மூடி திறந்ததைக் கண்ணால் பார்த்த ஸ்டமாதியா என்ற தொழிலாளி, வக்கீலிடம் வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள்.

"நாலு பக்கம்," என்றார் அஸ்பாசியா. "நாளைக்கு அரசு வழக்கறிஞர்கிட்ட தாக்கல் பண்ணணும். அதுக்கு முன்னாடி கடல் தண்ணியைச் சோதிக்கிற பேராசிரியர் மரினோஸ் கோந்தோஸ் அதைப் படிச்சு, தன் கருத்தை எழுதிக் குடுக்கணும். அவருக்கு செவ்வாய்க்கிழமை மெயில்ல அனுப்பினேன். சும்மா அனுப்பலை. ஃபைலுக்குப் பூட்டுப் போட்டு அனுப்பினேன். பாஸ்வேர்டை மெயில்ல எழுதலை. தனியா போன்ல சொன்னேன். எல்லாம் முறையாத்தான் செஞ்சேன்."

"அப்புறம்?"

"புதன்கிழமை சாயங்காலம் திரிஃபோன் அவளைக் கூப்பிட்டு, 'உன் வாக்குமூலத்தைப் படிச்சேன்'னு சொல்லியிருக்கார். இன்னிக்கு நாலு மணி ஷிஃப்டுக்கு வரும்போது அதைத் திரும்பப் பெற்றேன்னு கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரணுமாம். இல்லேன்னா அவளுக்கு வேலை கிடையாது."

"பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்க?"

"மூணே பேர். நான். பேராசிரியர். என் குமாஸ்தா ஃபோதினி." அந்தக் கடைசிப் பெயரைச் சொல்லும்போது அவர் கண் தானாகக் குடையின் பக்கம் போனது. "பதினோரு வருஷமா என்கூட இருக்கா. காலையில வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்."

"பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டார் மேடம்.

அஸ்பாசியா முதல்முறையாகத் தயங்கினார். "அது அவசியமா?"

"சுலபமா ஊகிக்கக்கூடியதான்னு பார்க்கணும்."

வக்கீல் ஒரு தாளை எடுத்து, பரீட்சை எழுதும் பிள்ளை போலக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். மேடம் படித்துவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் என்னிடம் நீட்டினார். 'ஸ்பிரோஸ் ஒருநாள்கூடப் பாத்திரம் கழுவியதில்லை 2011' என்று இருந்தது.

"ஸ்பிரோஸ் யாரு?"

"என் முன்னாள் கணவர்."

"நல்ல பாஸ்வேர்ட்," என்றேன். "நீளமா இருக்கு. யாராலயும் ஊகிக்க முடியாது. ஸ்பிரோஸ் வேணா ஊகிக்கலாம்."

"பாத்திரம் கழுவறதுன்னு ஒரு வேலை இருக்கிறதே அவருக்குத் தெரியாது," என்றார் அஸ்பாசியா.

* * *

அவருடைய அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே நுழைந்ததும் இரண்டு பெண்களைப் பார்த்தோம்.

நாற்காலியில் இருந்தவள் ஸ்டமாதியா. முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பையின் வாயிலிருந்து ஒரு மடித்த தாளின் நுனி தெரிந்தது. அது என்ன தாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொருவர் ஃபோதினி. அறுபதை நெருங்கிய, உருண்டையான அம்மாள். ஜன்னலோரப் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னேனே," என்றார் அஸ்பாசியா.

"போயிட்டேன். என் செருப்பும் செடியும் இங்க இருந்துது. எடுக்க வந்தேன்." அவர் வக்கீலைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களிடம் பேசினார். "இவங்கதான் போலீஸா?"

"போலீஸ் இல்லம்மா. அதைவிட மலிவு," என்றேன்.

"நல்லா விசாரிங்க. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்கிறதுதான் குற்றமாம். வக்கீலம்மா வீட்டுச் சாவிகூடத்தான் பதினோரு வருஷமா என் பையில கெடக்கு. ஒரு ஸ்பூன் காணாமப் போயிருக்கான்னு கேளுங்க."

மேடம் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து ஸ்டமாதியாவுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார்.

"முதலாளி உன்கிட்ட என்ன சொன்னார்னு சொல்லும்மா. நீ புரிஞ்சுகிட்டது வேண்டாம். அவர் வாயில வந்த வார்த்தை."

ஸ்டமாதியா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "ரூமுக்குக் கூப்பிட்டார், அக்கா. உட்காரச் சொல்லலை. 'வக்கீல்கிட்ட போயிருக்க. நெத்திலி ஆலையைப் பத்தி வாக்குமூலம் குடுத்திருக்க. பதின்மூணு பக்கம். பதின்மூணையும் படிச்சேன். உன் மனசுல இவ்வளவு இருந்துதா?'ன்னார்."

"அப்புறம்?"

"'எனக்கு எல்லாம் தெரியும்'னார்."

"எது எது தெரியும்னு சொன்னாரா? கால்வாய் மூடி, தேதி, கூட இருந்தவங்க பேரு?"

ஸ்டமாதியா யோசித்தாள். "இல்லக்கா. 'எல்லாம் தெரியும்', 'எல்லாம் தெரியும்'னு நாலஞ்சு தடவை சொன்னார். பயத்துல எனக்கு வேற ஒண்ணும் காதுல ஏறலை."

"எல்லாம் தெரிஞ்சவர் அதுல ஒண்ணையாவது சொல்லிக் காட்டியிருப்பாரே," என்றார் மேடம். பிறகு தலையைத் திருப்பாமலே, "ஃபோதினி அம்மா, அந்த வாக்குமூலம் எத்தனை பக்கம்?" என்றார்.

"நாலு. நாலாவது பக்கம்கூடப் பாதிதான். அடிச்ச எனக்குத் தெரியாதா?"

"அப்போ இந்தப் பதின்மூணு?"

"பதின்மூணு தடவை அடிச்சேன். அதைக் கேக்கறீங்களா?" ஃபோதினி ஒரு தொட்டியைப் பெட்டிக்குள் சற்று வேகமாகவே வைத்தார். "ஒரு காற்புள்ளி வெச்சா, மறுநாள் எடுக்கச் சொல்வாங்க. எடுத்தா, திரும்ப வைக்கச் சொல்வாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா நம்பர் போட்டுச் சேமிக்கணும். பன்னண்டாவதுக்கும் பதின்மூணாவதுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? 'ஆனால்'ங்கிறது 'எனினும்' ஆச்சு."

மேடம் எழுந்து கணினியின் முன்னால் போய் நின்றார்.

"அந்த ஃபைலைக் காட்டுங்க. திறக்க வேண்டாம். பேரை மட்டும்."

அஸ்பாசியா காட்டினார். திரையில் அது பளிச்சென்று இருந்தது: ஸ்டமாதியா-மவ்ரு-நெத்திலி-ஆலை-வாக்குமூலம்-13.

நான் விசிலடித்துவிட்டேன். ஸ்டமாதியா மட்டும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் உன் வாக்குமூலத்துல ஒரு வரியைக்கூடப் படிக்கலை, ஸ்டமாதியா," என்றார் மேடம். "ஃபைலோட பேரைப் படிச்சிருக்கார். அதுல உன் பேரு இருக்கு, ஆலை இருக்கு, வாக்குமூலம்னு இருக்கு, கடைசியில ஒரு நம்பரும் இருக்கு. அந்த நம்பரைப் பக்கக் கணக்குன்னு நினைச்சுட்டார். மத்ததெல்லாம் மிரட்டல்."

"நான் பூட்டித்தானே அனுப்பினேன்," என்றார் அஸ்பாசியா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உள்ள பூட்டினீங்க. உள்ள என்ன இருக்குன்னு வெளியில எழுதி ஒட்டினீங்க. பத்தொன்பது வருஷத்துல நான் ஒரு கடிதத்தைப் பிரிச்சதில்ல, வக்கீலம்மா. உறையைத்தான் பார்த்தேன். யாருக்குக் கோர்ட்டுல கேஸ், யாருக்கு வெளியூர்ல இன்னொரு குடும்பம், எல்லாம் உறையிலேயே தெரிஞ்சுது."

"ஃபோதினி அம்மா சொல்லிக் குடுத்திருந்தா பக்கக் கணக்குச் சரியா இருந்திருக்கும்," என்றேன். "காற்புள்ளிக் கணக்கும் சேர்ந்தே போயிருக்கும்."

பெட்டிமேல் குனிந்திருந்த ஃபோதினி நிமிர்ந்தார். அடுத்த தொட்டியை எடுக்கவில்லை.

"சரி. இப்போ ஒரே கேள்விதான்," என்றார் மேடம். "உறையைப் பார்த்தது யாரு? உள்ளே போக முடியாம, வெளியே மட்டும் பார்த்த ஆள். பேராசிரியருக்கு போன் போடுங்க."

பேராசிரியர் மரினோஸ் கோந்தோஸ் திங்கட்கிழமையிலிருந்து ஒரு படகில் இருந்தார். தீவுப் பக்கம் கடல் நீர் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முயற்சியில் கிடைத்தார். காற்றின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினார். அஸ்பாசியா போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"பாஸ்வேர்ட் கிடைச்சுது, வக்கீலம்மா. ரொம்ப ரசிச்சேன். படகுல என்கூட வந்திருக்கிற என் மனைவிகிட்ட சொன்னேன், அவங்களும் ரொம்ப ரசிச்சாங்க."

அஸ்பாசியா கண்ணை மூடிக்கொண்டார். "பாஸ்வேர்டை மனைவிகிட்ட சொன்னீங்களா?"

"அவங்க உடனே எனக்கு ஒரு தட்டைக் கழுவக் குடுத்தாங்க. அது போகட்டும். ஃபைலை எப்போ அனுப்பப் போறீங்க? நீங்க இன்னும் காற்புள்ளி வெச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சுத்தான் நான் கேக்கலை."

அஸ்பாசியாவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். மேடம் மெதுவாகக் குனிந்து, அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தார். பெறுபவர் இடத்தில் 'எம். கோந்தோஸ்' என்று இருந்தது. அதன்மேல் சொடுக்கியதும் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த முழு முகவரி வெளியே வந்தது.

அதன் கடைசிப் பகுதி நெத்திலி ஆலையின் பெயர்.

"மிஹாலிஸ் கோந்தோஸ்," என்றாள் ஸ்டமாதியா. "எங்க விற்பனை மேனேஜர்."

"புத்தாண்டுக்கு வந்துச்சே, ஒரு பெட்டி நெத்திலி," என்றார் ஃபோதினி. "ஊர்ல இருக்கிற எல்லா வக்கீலுக்கும் அனுப்பினாங்க. நன்றின்னு நீங்கதான் மெயில் போட்டீங்க. அன்னிக்கே கம்ப்யூட்டர் அவர் பேரைப் பிடிச்சு வெச்சுக்கிச்சு. நீங்க முதல் மூணு எழுத்து அடிச்சீங்க, மீதியை அது அடிச்சுது. நீங்க பார்க்கலை."

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் குற்றவாளியைப் பிடித்ததும் நான் ஏதாவது ஒரு வேடிக்கை சொல்வது வழக்கம். அன்று சொல்லவில்லை. குற்றவாளி எங்களை வேலைக்கு அமர்த்தியவர். அவர் பதின்மூன்று முறை திருத்திய தாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அஸ்பாசியா அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு தொட்டியை எடுத்தார். ஜன்னலில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "தப்பா வெக்கறீங்க," என்றார் ஃபோதினி. "அதுக்கு வெயில் ஆகாது." மன்னிப்புக் கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான்.

* * *

"அந்த மேனேஜர் மேல கேஸ் போடறேன்," என்றார் அஸ்பாசியா, மூச்சு திரும்பியதும்.

"என்னன்னு? நீங்க அனுப்பின மெயிலை அவர் வாங்கினார்னா?" என்றார் மேடம். "படிக்காம அழிச்சுட்டேம்பார். முதலாளிக்குக் குடுத்ததை அவர் வாயாலயே சொல்லணும். இன்னொரு மெயில் அனுப்புவோம். அதே ஆளுக்கு."

"என்னது?"

"பேராசிரியர் உங்களுக்குத் தன் கருத்தை எழுதிக் குடுக்கப் போறார் இல்லையா? அவர் பேரு எம். கோந்தோஸ்தானே? அதுக்கு ஒரு ஃபைல் தயார் பண்ணுங்க. பேரு: எம்-கோந்தோஸ்-வாக்குமூலம்-1."

வக்கீலுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. எனக்கு ஒரு விநாடி. ஃபோதினி அதற்குள் தட்டச்சில் கை வைத்துவிட்டார்.

"இது ஏமாத்து வேலை," என்றார் அஸ்பாசியா.

"எதுல ஏமாத்து? பேரு உண்மை. ஆள் உண்மை. அதைத் தப்பான ஆளுக்கு அனுப்பறது ஒண்ணுதான் பாக்கி. அது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்."

அஸ்பாசியாவே சிரித்துவிட்டார்.

உள்ளே என்ன எழுதுவது என்று கேட்டார் ஃபோதினி. மேடம் ஒரு வரி சொன்னார். அவர் அடித்து, பூட்டி, அனுப்பினார். அப்போது மணி பதினொன்று இருபது.

பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் யாரோ மூச்சு விட்டுவிட்டு வைத்தார்கள். பதினொன்று நாற்பத்தைந்துக்கு மறுபடி அடித்தது. மறுபடி மூச்சு. "நல்ல மூச்சு சார்," என்றேன். "கிளாரினெட் வாசிக்கலாம்." வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டேகாலுக்குப் படியில் காலடிச் சத்தம். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் மிஹாலிஸ் கோந்தோஸ். நாற்பது வயது. நல்ல சட்டை, அது முதுகில் ஒட்டியிருந்தது. ஸ்டமாதியா உள்ளறையில் இருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"என் பேர்ல ஏதோ வாக்குமூலம் தயார் பண்றீங்களாமே," என்றார். "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை. என் பேரை எதுக்கு இழுக்கறீங்க?"

"அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டார் மேடம், காபியை நீட்டியபடி.

"மெயில் வந்துச்சு. தப்பா வந்திருக்கு. போன தடவை வந்த மாதிரியே."

"போன தடவை வந்ததை என்ன பண்ணீங்க?"

கோந்தோஸ் காபியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். குடிக்கவில்லை. மேடமும் வேறெதுவும் கேட்கவில்லை. பதிவுத் தபால் கவுண்ட்டரில் அவர் எதிரே நின்ற ஆள்கள் எல்லோரும் அந்த மௌனத்தை அறிவார்கள். அதை நிரப்பித்தான் ஆகவேண்டும்.

"முதலாளிக்கு அனுப்பினேன்," என்றார் கோந்தோஸ். "அது ஒண்ணுதான் செஞ்சேன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. நேத்து மத்தியானம் முழுக்க ரெண்டு பேரும் பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்தோம். அவர் பேரு, என் பேரு, நெத்திலி, மத்தி, கடைசியில வக்கீலம்மா பேரைத் திருப்பிப் போட்டோம். திறக்கலை."

"எங்களுக்கு இது போதும்," என்றார் மேடம். "இப்போ உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஃபைல் உங்களைப் பத்தினது இல்ல. கடல் பேராசிரியர் ஒருத்தர் இருக்கார், அவரும் எம். கோந்தோஸ். திறந்து பாருங்க." ஒரு சீட்டில் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தார்.

கோந்தோஸ் தன் கைபேசியில் திறந்தார். ஒரே ஒரு வரி இருந்தது. 'இது உங்களுக்கு உரிய மின்னஞ்சல் அல்ல. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடவும்.'

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். பெருமூச்சு விட்டு எழுந்தார். கதவுவரை போனார். போயிருப்பார். ஆனால் உள்ளறைக் கதவு திறந்து ஸ்டமாதியா வெளியே வந்தாள்.

"மிஹாலி சார்," என்றாள். "தினமும் என் மேசையைத் தாண்டித்தான் போறீங்க. தினமும் காலை வணக்கம் சொல்றீங்க. நேத்தும் சொன்னீங்க."

அவர் கை கதவின் கைப்பிடிக்குப் போனது.

"ஆகஸ்ட்ல உங்க பொண்ணுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்துதே. ஒரு வாரம் நீங்க லீவு போட்டீங்க. எல்லாரும் பழம் வாங்கிட்டு வந்து பார்த்தோம். அது எங்க குளிச்சுட்டு வந்து அப்படி ஆச்சுன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

கோந்தோஸ் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். வெகுநேரம் நின்றார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் அந்தச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை நின்றார்.

"யோசிச்சேன்," என்றார் கடைசியில். "சனிக்கிழமைதான் உறுதியாச்சு." கைபேசியை மேசைமேல் வைத்து, ஒரு குரல் செய்தியை அழுத்தினார்.

திரிஃபோனின் குரல் கணீரென்று வந்தது. 'இன்ஸ்பெக்டர் திங்கள்கிழமைதான் வர்றான். இன்னிக்கே கால்வாய் மூடியைத் திறந்து தொட்டியைக் காலி பண்ணிடு. விடியறதுக்குள்ள மூடியைப் போட்டுடணும்.'

"இதை உங்களுக்கு எதுக்கு அனுப்பினார்?" என்று கேட்டார் அஸ்பாசியா. "நீங்க விற்பனைதானே?"

"எனக்கு அனுப்பலை. மெஷின் ரூம்ல மிலியோஸ்னு ஒருத்தர் இருக்கார். அவருக்கு அனுப்ப வேண்டியது. லிஸ்ட்டுல அவர் பேருக்கு அடுத்த பேரு என்னோடது. விரல் தவறிப்போய் எனக்கு வந்துச்சு. தப்பா அனுப்பினதை முதலாளி இன்னும் கவனிக்கவே இல்லை."

முதலில் சிரித்தது ஃபோதினி. பிறகு ஒவ்வொருவராக. ஸ்டமாதியா மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை நின்றது.

கோந்தோஸ் சொல்லச் சொல்ல ஃபோதினி அடித்தார். ஒன்றரைப் பக்கம். கையெழுத்தானதும் அஸ்பாசியா, "ஒரு காற்புள்ளி," என்று ஆரம்பித்தார். ஃபோதினி பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலே வேண்டாம் என்று, இரண்டு வாக்குமூலங்களையும் குரல் செய்தியையும் தானே கையில் எடுத்துக்கொண்டு போனார். அலுவலகம் மூடுவதற்கு இருபது நிமிடம் முன்பு முத்திரை வாங்கிவிட்டதாகப் போன் செய்தார்.

பேராசிரியரின் கருத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்; அவருக்குக் கோப்பை அனுப்பும் வேலை ஃபோதினியுடையது. கோப்புக்கு 'அக்டோபர்' என்று மட்டும் பெயர் வைத்தார். பழைய முகவரியை அழித்துவிட்டு, புதியதை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். படகிலிருந்து பேராசிரியர் ஒவ்வொரு எழுத்துக்கும் 'ஆமாம்' என்று கத்தினார். பிறகுதான் அனுப்பினார். புதிய கடவுச்சொல்லைப் போனில் சொல்லும்போது எங்களை வெளியே போகச் சொன்னார். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுமுனையில் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் கதவு வழியாகக் கேட்டது.

* * *

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் காரை ஆலை வாசலில் நிறுத்தினேன். முன்னிருக்கையில் கலிரோயி மேடம். பின்னிருக்கையில் ஸ்டமாதியாவும் கோந்தோஸும்.

திரிஃபோன் வாசலிலேயே காத்திருந்தார். விரல்களுக்கிடையே மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஸ்டமாதியா இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். பேச்சுக் கேட்கும்படி கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

"கொண்டு வந்தியா?"

"இல்ல."

"யோசிச்சுத்தான் பேசறியா? என்கிட்ட என்ன இருக்குன்னு தெரியும் இல்ல?"

காரின் பின்கதவு திறந்தது. கோந்தோஸ் இறங்கினார். அவரைப் பார்த்ததும் திரிஃபோனுக்கு முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்த. இவளுக்கு நீயே சொல்லு, கோந்தோ."

"நானும் வாக்குமூலம் குடுத்துட்டேன், முதலாளி," என்றார் கோந்தோஸ். குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "சனிக்கிழமை நீங்க அனுப்பின குரல் செய்தியையும் சேர்த்துக் குடுத்துட்டேன்."

"உனக்கு நான் ஒண்ணும் அனுப்பலையே."

"அதேதான் நானும் நினைச்சேன். ஒரு தடவை பார்த்துடுங்க."

திரிஃபோன் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கட்டைவிரலால் மேலே தள்ளினார். இன்னும் மேலே தள்ளினார். மணிமாலை உருளுவது நின்றது.

ஷிஃப்டுக்கான சங்கு ஊதியது. ஸ்டமாதியா தலைக்குத் தொப்பியை மாட்டி, முடியை உள்ளே ஒதுக்கிக்கொண்டாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்த முதலாளியைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒதுங்கினார். அவள் உள்ளே போனாள்.